சென்னையில் முதல் வீடு வாங்குமுன் நிலத்தைப் பாருங்கள்

கணவருக்குச் சோழிங்கநல்லூரிலும் உங்களுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் வேலை. இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு வருவது மாதம் 1,40,000 ரூபாய். சேமிப்பு 25 லட்சம். மேடவாக்கத்தில் கட்டப்பட்டு வரும் பதினான்கு மாடிக் குடியிருப்பில் 1,050 சதுர அடி வீடு 78 லட்சத்துக்கும், கொளத்தூரில் ஆறு வீடுகள் கொண்ட, கட்டிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆன கட்டடத்தில் 900 சதுர அடி வீடு 68 லட்சத்துக்கும் அமைந்திருக்கின்றன. இவற்றில் எதை வாங்கலாம், எவற்றைச் சரிபார்க்க வேண்டும், மெட்ரோ ரயில் வரும்வரை காத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டு ஆவணங்களைப் படித்துக் கருத்துச் சொல்வதே என் தொழில் என்பதால், என் பதில் அறைகளின் அளவையும் நீச்சல் குளத்தையும் விட நிலத்தையும் தாள்களையும் பற்றியே அதிகம் இருக்கும்.

முதலில் பணக்கணக்கை முடித்துவிடுவோம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனுக்கு வங்கி, வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரையறை. அந்த மதிப்பில் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேராது. ஆகவே மேடவாக்கம் வீட்டுக்கு நீங்கள் கையிலிருந்து போட வேண்டியது 15.6 லட்சம். கட்டுமானத்தில் இருக்கும் வீடு என்பதால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதாவது 3.9 லட்சம். அடுக்ககங்களின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பரில் தமிழக அரசு கொண்டுவந்த, நிலப் பாகத்தையும் வீட்டையும் சேர்த்துப் பதியும் ஒரே ஆவண முறையில், 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரையிலான வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 5 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் ஆகும், அது 5.46 லட்சம். கூட்டிப் பார்த்தால் 24.96 லட்சம். சேமிப்பு முழுவதும் பத்திரப்பதிவு நாளன்றே தீர்ந்துவிடும். சமையலறை அலமாரிக்கும் மின்விசிறிக்கும் தனிக்கடன் வாங்க வேண்டியிருக்கும். 62.4 லட்சம் கடனுக்கு, 8 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், இருபது ஆண்டுத் தவணை மாதம் ஏறத்தாழ 52,200 ரூபாய். வீடு கைக்கு வரும்வரை இப்போதைய வாடகையும் கூடவே ஓடும்.

கொளத்தூர் வீட்டுக்குக் கைப்பணம் 13.6 லட்சம். மறுவிற்பனை என்பதால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 6.12 லட்சம், ஜிஎஸ்டி கிடையாது. அடமானப் பதிவு, வழக்கறிஞர் கட்டணம் போன்றவற்றைக் கழித்தாலும் நான்கரை லட்சத்துக்கு மேல் மிஞ்சும். தவணை ஏறத்தாழ 45,500 ரூபாய்; உங்கள் கூட்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்குகிறது. உங்கள் உண்மையான உச்சவரம்பு 70 லட்சம் என்பதே என் கருத்து. வருமான வரிச் சலுகையை நம்பி அதை உயர்த்த வேண்டாம்: நீங்கள் புதிய வரி முறையில் இருந்தால், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவே இல்லை.

இனி நிலம். சென்னையில் அடுக்குமாடி வீடு வாங்குபவர் சுவர்களோடு சேர்த்து வாங்குவது யூடிஎஸ் எனப்படும் பிரிபடாத நிலப் பாகம். ஆண்டுக்கு ஆண்டு கட்டடத்தின் மதிப்பு குறையும். விலை ஏறுவதெல்லாம் இந்தப் பாகத்தால்தான். உங்கள் கொளத்தூர்க் கட்டடம் ஒன்றரை கிரவுண்டில், அதாவது 3,600 சதுர அடியில் நிற்கிறது. அன்று சாதாரணக் கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 1.5 ஆக இருந்ததால் 5,400 சதுர அடி கட்டி, ஆறாகப் பிரித்திருக்கிறார்கள். ஆகவே வீட்டுக்கு 600 சதுர அடி நிலம் வர வேண்டும். பத்திரத்தில் அதைவிடக் கணிசமாகக் குறைவாக எழுதியிருந்தால், எஞ்சியதை யார் வைத்திருக்கிறார் என்று கேளுங்கள். மொட்டை மாடியில் பின்னாளில் ஒரு வீடு எழுப்பும் எண்ணத்தில் நிலச் சொந்தக்காரர் ஒரு துண்டைத் தன் பெயரிலேயே நிறுத்திவைத்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 2019இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளுக்குப் பிறகு சாதாரணக் கட்டடங்களுக்கு இந்தக் குறியீடு 2 ஆகவும், அகலமான சாலையில் அமையும் உயர்மாடிக் கட்டடங்களுக்கு 3.25 வரையும் உயர்ந்தது. மேடவாக்கம் திட்டத்துக்கு 3.25 கிடைத்திருந்தால் உங்கள் 1,050 சதுர அடிக்கு வரும் நிலம் ஏறத்தாழ 320 சதுர அடிதான். பெரிய மனையில் திறந்தவெளி ஒதுக்கீடாகப் பத்தில் ஒரு பங்கை உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்திருப்பார்கள். சாலைக்கும் கொஞ்சம் போயிருக்கும். அவற்றைக் கழித்த பிறகு மிஞ்சிய நிலத்தைத்தான் எல்லா வீடுகளுக்கும் பங்கிட்டார்களா என்பதைக் கூட்டிப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும்.

இந்தக் கணக்கு என்றோ ஒரு நாளைக்கானது என்று தள்ளிவிட வேண்டாம். நகரின் எண்பதுகளின் அடுக்ககங்கள் இப்போது வரிசையாக இடிக்கப்பட்டு மீண்டும் கட்டப்படுகின்றன. 2024இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பினாலே மறுகட்டுமானத்துக்கு வழிவிடுகிறது. அந்தப் பேரத்தில் ஒவ்வொருவருக்கும் என்ன கிடைக்கும் என்பதை முடிவுசெய்வது பெரும்பாலும் யூடிஎஸ் தான்.

அந்த நிலம் யாருடையதாக இருந்தது என்பது அடுத்த கேள்வி. விற்பவரின் கிரையப் பத்திரத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், அதற்கு முந்தைய தாய்ப்பத்திரங்களைக் குறைந்தது முப்பது ஆண்டுகளுக்குக் கோர்வையாகக் கேளுங்கள். ஏதாவது ஒரு தலைமுறையில் தந்தை இறந்து மகன்கள் மட்டும் பாகம் பிரித்துக்கொண்டு விற்றிருந்தால், வாரிசுச் சான்றிதழை எடுத்து மகள்களின் பெயர் இருக்கிறதா, தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அவர்கள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்களா என்று பார்க்க வேண்டும். சென்னையில் நான் கண்ட உரிமை வழக்குகளில் பெரும்பகுதி இந்த ஓர் ஓட்டையில் தொடங்குபவை. பொது அதிகாரப் பத்திரத்தின் பேரில் நடந்த விற்பனையானால், அந்த நாளில் அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருந்தாரா என்பதற்குத் தாள் வேண்டும். பட்டாவையும், நகர எல்லைக்குள் டவுன் சர்வே நிலப் பதிவேட்டின் படியையும் பத்திரத்திலுள்ள சர்வே எண்ணோடு ஒப்பிடுங்கள். புறநகரில் கிராம 'அ' பதிவேட்டை அவசியம் பார்க்க வேண்டும். அதில் ஏரி, வாய்க்கால், மேய்க்கால், அனாதீனம் (உரிமை கோரப்படாமல் அரசு வசமான நிலம்) என்று ஏதாவது வகைப்பாடு இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டம் 1999இலேயே நீக்கப்பட்டாலும், அதற்கு முன் அரசு கையகப்படுத்திய நிலங்களின் சிக்கல் தென்சென்னைப் பத்திரங்களில் இன்றும் தலைகாட்டுகிறது. கோயில் நிலமா என்பதையும் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம். அதில் எதைத் தேடுவது என்பதற்கு உங்கள் கொளத்தூர் வீட்டையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் அனுப்பிய சான்றில் இப்போதைய உரிமையாளர் வாங்கிய கிரையப் பத்திரம் ஒரு பதிவு. அதே நாளில் கடனுக்கு அடமானமாக வங்கிக்கு எழுதிக் கொடுத்த உரிமை ஆவண ஒப்படைப்பு, அதாவது எம்ஓடி, அடுத்த பதிவு. அதன் பிறகு ஒன்றுமில்லை. கடனை எப்போதோ அடைத்துவிட்டதாகச் சொல்லி, வங்கி கொடுத்த கடன் தீர்ந்த கடிதத்தையும் அவர் காட்டியிருக்கிறார். அது போதாது. வங்கி ரசீது ஆவணம் பதிவு செய்தால்தான் அந்த வில்லங்கம் ஏட்டில் தீரும். இப்போதே அதைச் செய்து முடிக்கச் சொல்லுங்கள். முன்பணம் கொடுத்த பிறகு கேட்டால் உங்கள் அவசரம் அவருக்குத் தெரிந்துவிடும். அசல் பத்திரங்களைக் கண்ணால் பாருங்கள். நகல் மட்டுமே இருக்கிறது, அசல் தொலைந்துவிட்டது என்றால், காவல்துறைச் சான்றும் நாளிதழ் விளம்பரமும் இருந்தாலும் நான் தயங்குவேன்.

சென்னையில் வேறெந்தப் பெருநகரத்தையும் விட நிலத்தின் உயரம் விலைக்குள் அடங்கிய பொருள். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளமும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையும் எந்தத் தெருவில் எவ்வளவு நின்றன என்பது அந்தந்தத் தெருக்காரர்களுக்கு மனப்பாடம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம், தெற்குப் புறநகரின் ஏரிகளிலிருந்து வழியும் நீர் கடலுக்குப் போகுமுன் தங்கும் வடிகால். 2022இல் அதன் ஏறத்தாழ 1,247 எக்டேர் ராம்சர் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. மேடவாக்கமும் பெரும்பாக்கமும் அதன் ஓரத்தில் இருப்பவை. அதனால் அங்கே எல்லா வீடுகளும் மூழ்கும் என்று பொருளல்ல. ஒரே சாலையின் இரு பக்கங்களுக்குள் நான்கடி வேறுபாடு இருக்கும். ஆனால் ராம்சர் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் புதிய கட்டுமான அனுமதி தருவதற்கு 2025இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தடை விதித்ததால், உங்கள் திட்டம் எந்தத் தொலைவில் இருக்கிறது, அதற்கு எந்தத் தேதியில் திட்ட அனுமதி கிடைத்தது என்ற இரண்டையும் விற்பனைப் பிரதிநிதியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கொளத்தூரிலும் இதே கேள்வி உண்டு. வீடு இரண்டாம் மாடி என்று நிம்மதி கொள்ள வேண்டாம். தரைத்தள வாகன நிறுத்தத்துக்குப் போய், மின்மீட்டர் பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். சுவரில் பழைய பெட்டி இருந்த நான்கு ஆணித்துளைகள் இடுப்பளவிலும், பெட்டி இப்போது தலைக்கு மேலும் இருந்தால், இடையில் ஒரு மழைக்காலம் அதை ஏற்றிவைத்திருக்கிறது என்று அறிக. லிஃப்ட் குழியில் ஈரக்கறையும், சுற்றுச்சுவரில் புதிய வண்ணத்துக்கு அடியில் ஒரு நேர்க்கோடும் தெரிகின்றனவா என்று கவனியுங்கள். தெருமுனை மளிகைக்கடைக்காரரும் இஸ்திரி போடுபவரும் தரகரை விட நேர்மையாகச் சொல்வார்கள். சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதால் பழைய கட்டடங்கள் பள்ளத்தில் இறங்கியிருக்கின்றன. வாசலில் சாலை மட்டமும் தரை மட்டமும் எப்படி என்று பாருங்கள்.

மழையில் மிதப்பதும் கோடையில் வறள்வதும் ஒரே ஊர்தான். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டபோது, மெட்ரோ வாட்டர் இணைப்பு உள்ள பழைய நகரப் பகுதிகள் குடத்தோடு தெருவில் நின்றன என்றால், இணைப்பே இல்லாத பழைய மாமல்லபுரம் சாலைப் பகுதியின் பெருங்குடியிருப்புகள் முழுக்க முழுக்கத் தனியார் லாரியை நம்பி நின்றன. எனவே பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். குடியேறியிருக்கும் கட்டடமானால் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சங்கக் கணக்கில் லாரித் தண்ணீருக்கு எவ்வளவு, கழிவுநீர் லாரிக்கு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். புதிய திட்டத்துக்கு அப்படி ஏடு இருக்காது. பக்கத்தில் அதே நிறுவனம் அல்லது வேறு நிறுவனம் கட்டிக் குடியேறிய வளாகத்தில் விசாரிக்கலாம்.

கட்டட அனுமதி பற்றி. கொளத்தூர் வீட்டுக்குச் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது மாநகராட்சி அங்கீகரித்த வரைபடத்தைக் கேட்டு, அதில் ஆறு வீடுகள் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். நான்குக்கு அனுமதி வாங்கி ஆறு கட்டிய கட்டடங்கள் ஏராளம். விதிமீறல்களை வரன்முறைப்படுத்தக் கொண்டுவரப்பட்ட, நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113சி பிரிவு 2007 ஜூலை 1க்கு முன் கட்டியவற்றுக்கு மட்டுமே. பன்னிரண்டு ஆண்டு வயதான கட்டடம் அதற்குள் வராது. வரைபடத்தில் இல்லாத வீட்டுக்கு ஒருசில வங்கிகள் கடன் தரலாம், ஆனால் இன்னொரு நாள் நீங்கள் விற்கும்போது வேறொரு வங்கி மறுக்கும்.

மேடவாக்கம் திட்டத்தில் உங்களைக் காப்பது ரெரா எனப்படும் 2016இன் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். 500 சதுர மீட்டருக்கு மேலான மனை அல்லது எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் என்றால் ரெரா பதிவு கட்டாயம். பதிவுப் பக்கத்தில் நிறைவுத் தேதி, காலாண்டு அறிக்கைகள், வழக்கு விவரங்கள் இருக்கும். விளம்பரத் தாளில் உள்ள தேதியை மறந்துவிட்டு அந்தத் தேதியை மட்டும் நம்புங்கள். பதிவு செய்யப்பட்ட விற்பனை உடன்படிக்கை இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர்கள் வாங்கக்கூடாது. 'இந்த வார இறுதி வரை மட்டும்' என்று இருபது சதவீதம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். வீடு கைக்கு வந்த ஐந்து ஆண்டுகளுக்குள் வெளிப்படும் கட்டமைப்பு, வேலைத்தரக் குறைகளைச் செலவில்லாமல் சரிசெய்து தருவது கட்டுநரின் கடமை. விலையைக் கார்பெட் பரப்புக்குச் சொல்லச் சொல்லுங்கள். அந்த 1,050 சதுர அடியில் மாடிப்படி, நடைபாதை, லிஃப்ட் எல்லாம் கழிந்து உள்ளே கிடைப்பது 740 என்றால், சதுர அடிக்கு நீங்கள் கொடுப்பது 7,400 ரூபாய் அல்ல, 10,500 ரூபாய்க்கு மேல். இரண்டு வீடுகளையும் இந்த அளவையில் வைத்துப் பார்த்த பிறகே ஒப்பீடு நியாயமாகும்.

பணம் கொடுக்கும் முறையில் இரண்டு எச்சரிக்கைகள். விற்பவர் ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்கக்கூடும். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. தண்டம் அவருக்குத்தான் என்றாலும், வங்கி பார்ப்பது பத்திரத்தில் எழுதிய தொகையை என்பதால் உங்கள் கடனும் சுருங்கும். இரண்டாவது, விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்பதால் 1 சதவீதத்தைப் பிடித்து வருமான வரித்துறைக்குக் கட்ட வேண்டியது வாங்குபவரான நீங்கள். கணவன், மனைவி பெயரில் பாதிப் பாதியாக வாங்கினாலும் மொத்த விலையே கணக்கு. விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் பிடித்தம் இதைவிட மிகக் கூடுதல். 50 லட்ச வரம்பும் அங்கே பொருந்தாது. பிள்ளைகளோடு அமெரிக்காவில் போய்த் தங்கிவிட்டவர்கள் விற்கும் வீடுகள் சென்னைச் சந்தையில் நிறைய என்பதால், விற்பவரின் குடியிருப்பு நிலையை முன்பணத்துக்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

இரண்டில் ஒன்று என்றால் என் தேர்வு கொளத்தூர்: நிலப் பாகம் கூடுதல், பணம் மிஞ்சும், அம்பத்தூர் பக்கம். எம்ஓடி ரசீது பதிவாக வேண்டும், அங்கீகரித்த வரைபடத்தில் ஆறு வீடுகள் இருக்க வேண்டும், மின்பெட்டியின் ஆணித்துளைகள் நல்ல செய்தி சொல்ல வேண்டும்; இம்மூன்றில் ஒன்று பிசகினாலும் அந்த வீடு வேண்டாம். ஆனால் உங்கள் கணவர் தினமும் நகரின் வடமேற்கு முனையிலிருந்து தென்கிழக்கு முனைக்குப் போய்வர வேண்டும் என்பதை நான் சிறிய விஷயமாகக் கருதவில்லை. அவசரம் இல்லையென்றால் ஆதம்பாக்கம், நங்கநல்லூர், பழவந்தாங்கல் பக்கம் 650 முதல் 700 சதுர அடியில் பழைய இரண்டு படுக்கையறை வீடுகளையும் ஒருமுறை பாருங்கள். அங்கே சதுர அடி விலை கூடுதல். வீடு சிறியதாகத்தான் கிடைக்கும். ஆனால் ஒருபுறம் புறநகர் ரயில், மறுபுறம் மெட்ரோ, இருவர் அலுவலகங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு.

மெட்ரோவுக்காகக் காத்திருப்பது பற்றி: 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த 118.9 கிலோமீட்டர் இரண்டாம் கட்டத்தில், மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் செல்லும் தடம் கொளத்தூர், வில்லிவாக்கம், கோயம்பேடு, ஆலந்தூர், மேடவாக்கம் வழியாகவே போகிறது. நீங்கள் பார்க்கும் இரண்டு வீடுகளுமே அதே தடத்தில் இருப்பதால், மெட்ரோவை வைத்து இவற்றுக்குள் தேர்ந்தெடுக்க முடியாது. நிலையம் வரப்போகும் இடங்களில் விற்பவர்கள் அதன் விலையை ஏற்கெனவே சேர்த்துத்தான் சொல்கிறார்கள். இத்தகைய பெருந்தடங்கள் துண்டு துண்டாகத்தான் திறக்கப்படும் என்பதால், உங்கள் பயணம் முழுவதும் ரயிலில் அமையும் நாளை இன்றைய தவணைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். இப்போதுள்ள பேருந்தையும் ரயிலையும் கொண்டு ஒரு திங்கட்கிழமைக் காலையில் இருவரும் அந்த வீட்டு வாசலிலிருந்து அலுவலகம் வரை சென்று பார்த்த பிறகு முன்பணத்தைக் கொடுங்கள்.